ஃபால்கனின் காக்பிட்டை முழு அளவில் கட்ட நினைப்பவருக்கு

கேள்வி: ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லெனியம் ஃபால்கன் கப்பலின் காக்பிட்டை, நான்கு பேர் உள்ளே உட்காரும்படி, படத்தில் உள்ள அதே அளவில் வீட்டுக் கொட்டகையில் கட்ட விரும்புகிறேன். சரியான அளவுகள் கொண்ட வரைபடம் எங்கே கிடைக்கும்? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கட்ட முடியும். தச்சு வேலையும் அடிப்படை மின்னணுவியலும் தெரிந்த ரசிகர்கள் சிலர் கட்டியும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நண்பர் குழுவில் பின்சுவர்ப் பலகைகளையும் மின்னமைப்பையும் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆனால் தங்கள் முதல் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சரியான அளவு என்று ஒன்று இருக்க வேண்டுமானால், அளந்து பார்ப்பதற்கு ஒரு கப்பல் இருந்திருக்க வேண்டும். ஃபால்கன் என்று ஒரு கப்பல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேமராவின் தேவைக்கேற்பத் தனித்தனியாகச் செய்யப்பட்ட சில பொருள்கள் இருந்தன. அவற்றை ஒரே கப்பலாக இணைத்துப் பார்த்தது நம் கண்தான்.

1977இல் வெளியான முதல் படத்துக்காகக் கலிஃபோர்னியாவில், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்னும் சிறப்புக் காட்சி நிறுவனத்தின் பட்டறையில், சுமார் 5 அடி நீளமுள்ள மாதிரி ஒன்று செய்யப்பட்டது. லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் கப்பலின் வெளிப்புறம் முழு அளவில் எழுப்பப்பட்டது; அதுவும் பாதிக் கப்பல்தான். அந்தப் பாதியே நகர்த்த முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றியிருந்த செட்டைப் பிரித்து வேறு செட்டாக மாற்றினார்கள். காக்பிட்டின் உட்புறம் இவை இரண்டிலும் ஒட்டாத தனி செட். இரண்டாவது படத்துக்காக 1979இல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் டாக் என்னும் துறைமுக ஊரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள், முழு வெளிப்புறமும் எஃகுச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டு, துண்டு துண்டாக எல்ஸ்ட்ரீக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் வந்த படங்களுக்காக மறுபடியும் கட்டினார்கள். உட்புற செட்டுகளை வெளிப்புறத்துக்குள் பொருத்திப் பார்க்க முயன்ற எவருக்கும் தெரியும், அவை அதற்குள் அடங்குவதில்லை. ஆகவே "ஃபால்கனின் காக்பிட்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் படத்தின் காக்பிட் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று படங்களிலிருந்து பிடித்தவற்றையெல்லாம் எடுத்துக் கலந்தால், எந்த ரசிகரும் நுழைந்த முதல் நிமிடத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

காக்பிட்டின் வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபால்கனுக்காக முதலில் செய்யப்பட்ட மாதிரி நீண்ட உடலும் பின்னால் எஞ்சின் கூட்டமும் கொண்ட வேறொரு கப்பல். அது அப்போது தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த ஸ்பேஸ் 1999 தொடரின் ஈகிள் கலத்தைப் போல இருப்பதாகத் தோன்றியதால், அதை வேறொரு கப்பலாக மாற்றிவிட்டு, தட்டு வடிவத்தில் புதிய ஃபால்கனைச் செய்தார்கள். பழைய மாதிரியின் கூம்பு வடிவக் காக்பிட் மட்டும் புதியதன் பக்கவாட்டில் வந்து அமர்ந்தது. அந்தக் கூம்பின் சன்னல்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. எனவே பி-29 விமானத்தின் உட்புறப் படங்களைத் தேடிப் பாருங்கள். சட்டகங்கள் எங்கே தடித்திருக்கின்றன, எங்கே மெலிகின்றன, குறுக்குப் பட்டைகள் எப்படிச் சேர்கின்றன என்பதெல்லாம் உண்மையான விமானத்தில் காரணத்தோடு இருக்கும். படத்தின் சட்டகங்களில் தெளிவில்லாத இடங்களை ஊகிக்க அது நல்ல துணை.

இனி அளவு எடுப்பது. இந்த வேலையில் பாதி இதுதான் என்பது என் கருத்து. மரம் வாங்கும் முன் சில மாதங்கள் இதற்கே போனாலும் வருந்த வேண்டியதில்லை. படத்தின் காட்சிகளை நிறுத்தி, திரையில் அளவுகோல் வைத்து அளப்பவர்கள் ஏமாறுவது உறுதி. முதல் படம் அனமார்ஃபிக் லென்ஸில் எடுக்கப்பட்டது. அந்த லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையிடும்போது அது மீண்டும் விரிக்கப்படும். இந்த நெருக்கலிலும் விரிப்பிலும் ஓரங்களில் உள்ள நேர்க்கோடுகள் வளைந்துவிடும். சன்னல் சட்டகத்தின் ஓரப் பட்டைகளோ காட்சியின் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே படப்பிடிப்புத் தளத்தில் சாதாரணக் கேமராவால் எடுக்கப்பட்ட நிழற்படங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளுங்கள். படக்காட்சிகள் அவற்றைச் சரிபார்க்க மட்டும் உதவட்டும்.

நிழற்படத்திலிருந்து அளவு பெற, அதிலேயே அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். நடிகர்களின் உயரம் முதலில் நினைவுக்கு வரும். ஃபால்கனின் துணை ஓட்டியான சூபாக்காவாக நடித்த பீட்டர் மேஹ்யூவின் உயரம் 7 அடி 3 அங்குலம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் உட்கார்ந்திருக்கும் மனிதரை அளவுகோலாகக் கொள்வது ஆபத்து. முதுகு வளைந்தாலே 5 செ.மீ. போய்விடும். தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்பட்ட பொருள்கள் அதைவிட நம்பகமானவை. வழக்கமான டாகிள் சுவிட்சின் திருகுக் கழுத்து சுமார் 12 மி.மீ. விட்டம் கொண்டது. பலகையில் அப்படி ஒரு சுவிட்ச் தெளிவாகத் தெரிந்தால், அதே தளத்தில் உள்ள மற்றவற்றையெல்லாம் அதை வைத்து அளக்கலாம். காட்சியின் மறைபுள்ளிகளிலிருந்து (இணைகோடுகள் தொலைவில் சேர்வது போலத் தோன்றும் இடங்களிலிருந்து) கேமரா நின்ற இடத்தைக் கணக்கிட்டுத் தரும் எஃப்ஸ்பை போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அந்தக் கேமராவை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வைத்து, அதன் வழியே பார்த்தபடி முப்பரிமாண வரைவை எழுப்பலாம். ஒரே இடத்தைக் காட்டும் மூன்று வெவ்வேறு படங்களில் உங்கள் வரைவு பொருந்தினால்தான் அந்த அளவை நம்ப வேண்டும். ஒரு விழுக்காட்டுப் பிழை, 3 மீட்டரில் 3 செ.மீ. ஆகிறது. சுவர்ப் பலகையில் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் இரண்டு சட்டக வளையங்கள் சேரும் இடத்தில் போல்ட்டே இறங்காது.

வரைவு முடிந்ததும் மரத்தைத் தொடாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, நாற்காலி, முன்பலகை, நடுப்பலகை, சுவர் ஆகியவற்றை முழு அளவில் நிறுத்தி உட்கார்ந்து பாருங்கள். கேமராவுக்கு இடம் விட வேண்டியிருந்தால் செட்டில் ஒரு சுவரையோ முன்பக்கத்தையோ கழற்றிவிடுவார்கள். உங்கள் காக்பிட்டில் எல்லாம் மூடியிருக்கும், உள்ளே நான்கு பேர் இருப்பார்கள். பின்னிருக்கைக்காரர் எழுந்து வெளியே போக வழி இருக்கிறதா, முழங்கால் பலகையில் இடிக்கிறதா, தலைக்கு மேலுள்ள சுவிட்சைக் கை எட்டுகிறதா என்பதை அட்டை ஒரே நாளில் சொல்லிவிடும். எங்கள் குழுவில் இதைச் செய்தோம். ஆனால் அட்டை மாதிரியைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துப் பார்த்ததால், கொட்டகையின் கதவு 80 செ.மீ. அகலம்தான் என்பது நினைவுக்கு வரவில்லை. முடிந்த முன்பலகையை நடுவில் அறுத்துத்தான் வெளியே கொண்டுவந்தோம். எந்தத் துண்டும் உங்கள் குறுகிய கதவைவிட அகலமாக இருக்கக் கூடாது. துண்டுகளை ஆணி அடிக்காமல், பசை போடாமல், எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளால் மட்டும் இணையுங்கள்.

சட்டகத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். விலா எலும்புகளைப் போன்ற வளையங்களை கணினி இயக்கும் வெட்டு இயந்திரமான சி.என்.சி. ரூட்டரில் வெட்டக் கொடுத்துவிடுவது நேரத்தையும் மனக்கசப்பையும் மிச்சப்படுத்தும். சுவர்ப் பலகைகளுக்கு, மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். வசதியானது, ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, அதில் உள்ள பிசின் ஃபார்மால்டிஹைடு வெளியிடும், ஆதலால் முகமூடியும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் அறுக்க வேண்டாம். கூம்பு வடிவத் தோலை எப்படித் தட்டைத் தகட்டிலிருந்து வெட்டுவது என்று பலர் திணறுகிறார்கள். எடுத்துக்காட்டுக்காக, பெரிய வாய் 3 மீட்டர் விட்டமும் சிறிய வாய் 1.2 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் நீளமும் கொண்ட வெட்டுக்கூம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம் (இது ஃபால்கனின் அளவு அன்று, கணக்கு எளிதாக வர எடுத்த எண்கள்). ஆரங்களின் வேறுபாடு 0.9 மீட்டர். நீளம் 1.2. எனவே சாய்வுயரம் 1.5 மீட்டர். 0.9ஐ 1.5ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 216 பாகை. விரித்த தோல் அந்தக் கோணம் கொண்ட விசிறி. விசிறியின் வெளி ஆரம் 2.5 மீட்டர், உள் ஆரம் 1 மீட்டர். இதை ஆறு சம இதழ்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 36 பாகை, 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி வளைக்கலாம். இணைப்புகள் சட்டகப் பட்டைகளுக்கு அடியில் மறைந்துகொள்ளும்.

பலகைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சிறு உறுப்புகள்தான் இந்தக் கப்பலுக்கு உயிர். முதல் படத்தின் செட் அலங்காரத்துக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், கழித்துப்போட்ட விமானங்களின் உதிரிப்பாகங்களை எடைக்கு வாங்கி வந்து சுவர்களில் பொருத்தினார். கதாநாயகன் லூக்கின் ஒளிவாள் பிடிகூட கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பழைய கேமரா ஃபிளாஷ் கைப்பிடிதான். காசில்லாத செட்டுக்கு இது சிக்கன வழி; ஆனால் அதனால் கிடைத்த பலன் காசு கொடுத்தும் கிடைக்காதது. உண்மையில் ஏதோ ஒரு வேலைக்காகச் செய்யப்பட்ட பொருளின் வளைவும் திருகும் தேய்மானமும், கற்பனையாக வரைந்த பொருளில் வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாம் என்ற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். பழைய இரும்புக் கடை, கழித்த அச்சுப்பொறி, குழாய்க் கடை, பழைய ஹைட்ராலிக் கருவி ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். ஒரே உறுப்பு இருபது இடங்களில் வந்தால், ஒன்றைச் செம்மையாகச் செய்து சிலிக்கோன் அச்செடுத்து, பாலியூரித்தேன் பிசினில் வார்த்துக்கொள்ளுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்தவற்றின் அடுக்குக் கோடுகளை நிரப்பு பிரைமர் அடித்துத் தேய்க்காமல் வண்ணம் பூசினால், விளக்கு பட்டவுடன் கோடுகள் மட்டுமே தெரியும்.

இப்போது விளக்குகள். பின்சுவரெங்கும் பரவியிருக்கும் ஒளிப்புள்ளிகள்தான் அந்தக் காக்பிட்டின் முகம். இன்று இதற்கு டபிள்யூ.எஸ். 2812 வகை எல்.இ.டி. பட்டைகளே வசதி, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியாக நிரலால் ஆளலாம். ஆனால் மின்கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒரு விளக்கு முழு வெண்மையில் 5 வோல்ட்டில் ஏறத்தாழ 60 மில்லியாம்பியர் எடுக்கும். 500 விளக்குகளுக்கு அது 30 ஆம்பியர், அதாவது 150 வாட். நடைமுறையில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. இருந்தாலும் நிரல் தவறிச் செய்யக்கூடியதையும் கம்பி தாங்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனையில் வோல்ட் குறைந்து வெள்ளை விளக்குகள் செம்மை தட்டும். ஆகவே இடையிடையே தடித்த கம்பியால் மின்சாரம் ஊட்டி, ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள்.

ஆனால் இந்த விளக்கைச் சரியாக எரிய வைப்பதைவிட, 1977இன் விளக்காகத் தோன்ற வைப்பதுதான் கடினம். அக்காலத்து இழை விளக்கு சட்டென்று எரிந்து சட்டென்று அணையாது. மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். எல்.இ.டி.யை நேரடியாக அணைத்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். நிரலில் ஏறுவதற்கு 100 மில்லிநொடியும் இறங்குவதற்கு அதைவிடச் சற்று அதிகமும் கொடுத்து, அணையும்போது நிறத்தைச் செம்மைப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். வேறுபாடு வியக்க வைக்கும். துளைக்குப் பின்னால் பால்நிற அக்ரிலிக் வைத்து, விளக்கை அதிலிருந்து 15 மி.மீ.யாவது பின்தள்ளுங்கள். இன்னொன்று: பெரும்பாலான விளக்குகள் அசையாமல் எரிய வேண்டும். பத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வேகங்களில் சிமிட்டட்டும். எல்லாமே சிமிட்டினால் அது திருவிழாப் பந்தல்.

சுவிட்சுகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நூறு சுவிட்சுகளை எட்டுக்குப் பதின்மூன்று என்ற கட்ட அமைப்பில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 1என்4148 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு உறுப்பு) போட்டால், 21 முனைகளைக் கொண்டு மைக்ரோகன்ட்ரோலர் என்னும் ஒரே கணினிச் சில்லு எல்லாவற்றையும் படித்துவிடும். டையோடு இல்லாவிட்டால், மூன்று சுவிட்சுகளை ஒன்றாகப் போட்டதும் போடாத நான்காவதும் போட்டதாகத் தெரியும். போயிங் 737 விமானத்தின் காக்பிட்டை வீட்டில் கட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய கம்பி வேலை முறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஒவ்வொரு சுவிட்சும் சரியான வேலையைச் செய்தாக வேண்டும். ஃபால்கன்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை; எந்த சுவிட்சைப் போட்டாலும் எங்கோ ஒரு விளக்கு மாறி, இருக்கைக்கு அடியில் பொருத்திய அதிர்வு ஸ்பீக்கர் லேசாக உறுமினால் போதும்.

சன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும்? பலர் சட்டகத்துக்கு அடுத்தாற்போல் பெரிய தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறார்கள். புகைப்படத்தில் அது நன்றாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தவருக்கு இருக்காது. தலையைச் சற்று அசைத்தாலே, விண்மீன்கள் ஒரு முழத் தொலைவில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று கண் கண்டுகொள்ளும். இரண்டு ஓட்டிகளும் அருகருகே உட்காரும்போது இருவருக்கும் ஒரே திசை சரியாகத் தெரியவும் தெரியாது. விமானப் பயிற்சி சிமுலேட்டர்களில் இதற்காகவே பெரிய வளைவுக் கண்ணாடி ஒன்றை வைத்து, காட்சி வெகுதொலைவில் இருப்பது போல ஒளிக்கதிர்களை இணையாக்குகிறார்கள். அது நம் கைக்கு எட்டாது. நாம் செய்யக்கூடியது, திரையைச் சன்னலிலிருந்து 2 அல்லது 3 மீட்டராவது தள்ளி வளைவாக நிறுத்துவது. 2018இல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த சோலோ படத்துக்காகக் காக்பிட் செட்டைச் சுற்றி வளைவான திரையை நிறுத்தி, விண்வெளிக் காட்சியைப் பின்னாலிருந்து புரொஜெக்டரால் வீசினார்கள். நடிகர்களின் முகத்தில் விழுந்த ஒளியே அந்தக் காட்சிகளை நம்ப வைத்தது. 2019இல் கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் திறக்கப்பட்ட டிஸ்னி பூங்காச் சவாரியில், ஆறு பேர் உட்காரும் காக்பிட்டுக்கு வெளியே, அவர்கள் ஓட்டும் விதத்துக்கேற்ப அந்தந்த நொடியில் கணினி உருவாக்கும் காட்சி ஓடுகிறது. அங்கே இருக்கைகள் ஆறு என்பதால் அதன் புகைப்படங்களைக் கொண்டு உங்கள் அளவுகளைச் சரிபார்க்க வேண்டாம். சன்னல்களில் அக்ரிலிக் போட வேண்டுமா என்றும் கேட்பீர்கள். போடாதீர்கள். பின்சுவரின் அத்தனை விளக்குகளும் அதில் தெரியும்.

வண்ணம் பூசுவதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிட வேண்டாம். முதல் படத்தின் உலகம் புதிதாகப் பளபளக்காமல், பழகித் தேய்ந்து அழுக்கேறிக் கிடந்ததுதான் அப்போது புதுமை. சாம்பல் நிற அடிப்பூச்சுக்கு மேல், கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, மேடான பரப்பைத் துணியால் துடையுங்கள். விளிம்புகளில் பென்சில் கரித்தூளைத் தேய்த்தால் வண்ணம் போய் உலோகம் தெரிவது போல இருக்கும். கை படும் இடம் தேய வேண்டும், கை படாத இடத்தில் தூசு படிய வேண்டும். எங்கும் ஒரே அளவில் அழுக்கைத் தெளித்தால் அது அழுக்கு போலவே இருக்காது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். 2014 ஜூனில், பிரிட்டனின் பைன்வுட் ஸ்டுடியோவில் 2015இல் வெளியான படத்துக்கான ஃபால்கன் செட்டில், ஹைட்ராலிக் கதவு கீழே இறங்கி நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் காலை முறித்தது. அந்தப் படத் தயாரிப்பு நிறுவனத்துக்கு 2016இல் பிரிட்டன் நீதிமன்றம் 16 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஆகவே உங்கள் காக்பிட்டின் கதவுக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். கையால் தள்ளும் கதவே போதும், அதுவும் மின்சாரம் போனாலும் உள்ளிருந்து திறக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் காக்பிட்டுக்குள் வரவே கூடாது. மின்வழங்கிகளை வெளியே உலோகப் பெட்டியில் வைத்து 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் மட்டும் உள்ளே அனுப்புங்கள். தெர்மாக்கோலை எந்த வடிவத்திலும் பயன்படுத்தாதீர்கள். செட்டில் அது ஒரு மாதம் நிற்கும் பொருள், உங்கள் கொட்டகையில் அது பல ஆண்டுக்கான எரிபொருள். நான்கு பேரின் மூச்சும் 150 வாட் வெப்பமும் மூடிய கூம்புக்குள் கால் மணி நேரத்தில் தெரியவரும், எனவே கூரையில் சத்தமில்லாத விசிறி ஒன்றுக்கு இடம் விடுங்கள்.

உரிமையைப் பற்றியும் சுருக்கமாக. சொந்த மகிழ்ச்சிக்காகக் கட்டுவதும், அதில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்ய நினைத்தால் வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் படவீரர்களின் தலைக்கவசம் சட்டத்தின் பார்வையில் சிற்பம் ஆகாது என்று தீர்ப்பளித்ததைச் சிலர் பொது அனுமதி போல மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு அமெரிக்கப் பதிப்புரிமை மீறலைப் பிரிட்டன் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்றும் சொன்னது.

கடைசியாக, ஒளியைவிட வேகமாகப் பாய்வதற்கான அந்த நெம்புகோல். உள்ளே வரும் ஒவ்வொருவரும், குழந்தையாயினும் பாட்டியாயினும், உட்காரும் முன்பே அதைத்தான் பிடிப்பார்கள், முழு வலுவோடு இழுப்பார்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த எங்கள் நெம்புகோல் முதல் மாலையிலேயே உடைந்தது. 12 மி.மீ. எஃகுத் தண்டு, சட்டகத்திலேயே போல்ட் போட்ட தாங்கி, இரண்டு முனையிலும் ரப்பர் வைத்த தடுப்பு ஆகியவற்றோடு அதைச் செய்யுங்கள். அதன் சுவிட்ச் தண்டில் இல்லாமல் தடுப்பின் அருகே தனியாக இருக்கட்டும். அதைக் கழற்றி மாற்ற, பலகையைத் திறக்காமலே கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவையும் பக்கவாட்டில் வைத்துவிடுங்கள்.